ஐந்து மணி நேரம் குழலுக்குள் கிடந்த துணி: ஒரு சக்கிமுக்கி ரைஃபிளின் மருந்தளவும் மசகும்

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு தொடங்கி ஜனவரி வரை ஓடும் மான் வேட்டைப் பருவம் ஒன்று 1974 முதல் இருந்துவருகிறது. அந்தப் பருவத்துக்குரிய துப்பாக்கி குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிப்பதாக இருந்தால் மட்டும் போதாது. சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசி எழுப்பும் பொறியால்தான் அது பற்றவேண்டும். வெடிக்கலவை அடங்கிய சிறு செம்புத் தொப்பி வைத்துச் சுடும் பிற்காலத் துப்பாக்கிகளுக்கு அங்கே இடமில்லை. இந்த ஆய்வுக்குக் காரணமான நிகழ்வு அப்படியொரு பருவத்தின் இரண்டாவது வாரத்தில் நடந்தது.

காலை எட்டு மணிக்கு ஒரு மானைக் குறிவைத்துச் சுட்டுத் தவறவிட்டேன். சருகில் ரத்தத் துளியோ உரோமமோ கிடக்கிறதா என்று நெடுநேரம் தேடி, குண்டு படவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பின், சுடுதளத்தில் பழகிய பழக்கத்திலேயே துப்பாக்கியை மறுபடி கெட்டித்தேன். நனைத்த துணியால் குழலை ஒருமுறை துடைத்தேன். 70 கிரெயின், அதாவது ஏறத்தாழ நாலரை கிராம், மருந்து கொட்டினேன். எச்சிலில் ஊறவைத்த பருத்தித் துணியில் ஈயக்குண்டைப் பொதிந்து அடிவரை இறக்கினேன். பிற்பகல் ஒன்றரை மணியளவில், 40 கஜத்துக்கும் குறைவான தொலைவில் ஒரு பெண்மான் பக்கவாட்டில் நின்றது. விசையை இழுத்ததும், குழலுக்கு வெளியே பொறி விழும் சிறு தட்டில் இருந்த மருந்து புஸ்ஸென்று எரிந்து புகைந்தது, குழல் வெடிக்கவில்லை. தாமதமாகப் பற்றக்கூடும் என்பதால் ஒரு நிமிடம் குழலை ஆபத்தில்லாத திசையில் பிடித்தபடி அசையாமல் நிற்கவேண்டும் என்பது விதி. அந்த ஒரு நிமிடத்தில் மான் அவசரமே இல்லாமல் நடந்து மரங்களுக்குள் மறைந்தது. தட்டின் நெருப்பு குழலுக்குள் புகும் சிறு துளையான பற்றுவாயை ஊசியால் குத்தித் திறந்து, தட்டில் புதுமருந்து இட்டு, ஒரு மண்மேட்டை நோக்கி மறுபடி இழுத்தேன், மறுபடியும் புஸ்தான்.

அன்று மாலை, கரியமில வாயுவின் அழுத்தத்தைப் பற்றுவாய் வழியே செலுத்திக் குண்டை வெளியே தள்ளும் கருவியால் குழலைக் காலிசெய்தேன். வெளியே வந்த துணியின் அடியில் மருந்து அடைபோல அப்பியிருந்தது. பற்றுவாயில் நுழைத்து எடுத்த ஊசியின் நுனியில் கரிச்சேறு ஒட்டியிருந்தது. சான்று இரண்டும் கையிலேயே இருந்தன; நான்தான் அவற்றைப் படிக்கவில்லை. பனியின் ஈரம் உள்ளே புகுந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். சுடுகழகத்தின் மூத்த உறுப்பினர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, துணியில் என்ன தடவியிருந்தீர்கள் என்பதுதான். குழல் பற்றாததற்கும் துணியில் தடவியதற்கும் என்ன தொடர்பு என்று நினைத்து, கல்லை மட்டும் மாற்றிவிட்டு, காலையில் தவறிய குண்டைப் பற்றியே கவலைப்படத் தொடங்கினேன். ஆகவே பின்வரும் சோதனை குறி தவறுவதைப் பற்றிய சோதனையாகத்தான் தொடங்கியது.

துப்பாக்கி

இது அரை அங்குல விட்டமுள்ள, 42 அங்குல நீளக் குழல் கொண்ட பென்சில்வேனியா நெடுரைஃபிள். இக்காலத்தில் செய்யப்பட்டது, பழைய வடிவம். லங்காஸ்டர் பகுதியில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் தங்கள் நாட்டுக் குட்டையான வேட்டை ரைஃபிளை நீட்டி மெலிதாக்கி 18-ஆம் நூற்றாண்டில் உருவாக்கியது இந்த வகை. பிறந்த ஊர் பென்சில்வேனியாவாக இருந்தும் கென்டக்கி ரைஃபிள் என்ற பெயர் அதற்கு எப்படியோ நிலைத்துவிட்டது. குழலின் உட்புறத்தில் வெட்டப்பட்ட புரிகள் 66 அங்குலத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகின்றன. நீண்ட தோட்டாக்களுக்கு இந்தச் சுற்று போதாது. உருண்டைக் குண்டுக்கு இதுவே போதும்.

சுழற்சி ஏன் வேண்டும் என்பதை முதலில் தெளிவாக விளக்கியவர்களுள் ஒருவர் பெஞ்சமின் ராபின்ஸ். புரியில்லாத குழலிலிருந்து புறப்படும் குண்டு கண்டபடி சுழல்வதால்தான் கண்டபடி வளைந்து செல்கிறது என்று காட்டிய அவர், ஊசல் ஒன்றில் குண்டைச் சுட்டு அதன் வேகத்தைக் கணக்கிடும் முறையை 1742-இல் வெளியிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக வந்த அவர் 1751-இல் காய்ச்சலில் இறந்தது கடலூரை ஒட்டிய புனித டேவிட் கோட்டையில். தேவனாம்பட்டினத்தில் அந்தக் கோட்டையின் சிதைவுகளைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் யோசிப்பதுண்டு.

புரி தன் வேலையைச் செய்யவேண்டுமானால் குண்டைப் பற்றவேண்டும். ஆனால் வாய்வழியாக இறக்கவேண்டிய குண்டு குழலைவிடச் சற்றுச் சிறிதாகத்தான் இருக்கமுடியும். அந்த இடைவெளியை நிரப்புவது பேட்ச் எனப்படும் துணித்துண்டு. மருந்து எரிந்து எழும் வாயு குண்டைச் சுற்றிக் கசியாமல் அடைப்பது, புரியின் சுழற்சியைக் குண்டுக்குக் கடத்துவது, ஈயம் இரும்பைத் தொடாமல் காப்பது ஆகிய எல்லாமே அந்தத் துணியின் பொறுப்பு. அதில் தடவும் மசகுக்கும் மூன்று வேலை உண்டு: குண்டு வழுக்கி இறங்கவேண்டும், துணி எரியாமல் இருக்கவேண்டும், முந்தைய சூட்டின் கசடு இளகவேண்டும். மூன்றாவதைச் சாதாரணமாக எண்ணக்கூடாது. கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு திடப்பொருளாகவே எஞ்சுகிறது. புகையாக வெளியேறியது போக மீதி குழலின் சுவரில் படிகிறது.

தரையில் கிடந்த துணிகள்

ஏப்ரலில், 50 கஜத்தில், மணல்மூட்டையில் குழலைச் சாய்த்து ஐந்து ஐந்தாகச் சுட்டேன். ஐந்து ஓட்டைகள் ஐந்தரை அங்குலத்துக்குப் பரவிக் கிடந்தன. மருந்தைக் கூட்டினேன், துணியையும் மாற்றினேன், இரண்டையும் ஒரே நாளில் மாற்றியதால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் ஒரு வார இறுதி முழுவதையும் வீணாக்கினேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்ற பாடம் பள்ளி ஆய்வகத்திலேயே கற்றதுதான். துப்பாக்கி கையில் இருக்கும்போது அது எளிதில் மறந்துபோகிறது.

இலக்குத் தாளைவிட அதிகம் சொல்லக்கூடியவை சுட்டபின் குழலின் வாய்க்கு முன்னால் சில கஜங்களில் விழுந்து கிடக்கும் துணிகள். அவற்றைப் பொறுக்கி வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். நல்ல துணி நடுவில் குண்டின் வட்டம் பழுப்பாகப் பதிந்து, ஓரம் பிசிறினாலும் முழுதாக இருக்கும். மறுபடி பயன்படுத்திவிடலாம் போலத் தோன்றும். என்னுடையவற்றிலோ வட்டத்தின் விளிம்பில் சீரான இடைவெளியில் சிறுசிறு பிளவுகள் இருந்தன. பிளவுகளுக்கு இடையில் சில இடங்களில் கருகிய துளைகளும் இருந்தன. பிளவும் கருகலும் ஒரே நோயின் குறிகளா, இரண்டு நோயா என்பதைப் பிரித்தறிய வேண்டியிருந்தது.

அதற்கு ஒரு பழைய உத்தி உண்டு. மருந்தே இல்லாத வெறும் குழலில், மசகிட்ட துணியோடு குண்டைச் சில அங்குலம் மட்டும் இறக்கி, திருகாணி முனையுள்ள கோலால் அதைத் திரும்ப வெளியே இழுத்துத் துணியைப் பார்க்கவேண்டும். நெருப்பே படாத அந்தத் துணியிலும் அதே பிளவுகள் அதே இடைவெளியில் இருந்தன. ஆகவே வெட்டியது மருந்தின் சூடு அல்ல, குழலின் வாய். புதுக்குழல் ஆதலால் வாயில் புரிமேடுகளின், அதாவது புரிப் பள்ளங்களுக்கு இடையே எழுந்து நிற்கும் மேடுகளின், விளிம்பு கத்திபோல இருந்தது. நீரில் நனைத்துத் தேய்க்கும் 400 எண் உப்புத்தாளைக் கட்டைவிரலின் நுனியில் வைத்து, வாயில் அழுத்தி, ஒரு பக்கம் சில சுற்று, மறுபக்கம் சில சுற்று என்று, நடுநடுவே குழலைத் திருப்பிக்கொண்டு தேய்த்தேன். கட்டைவிரலின் சதை தானாகவே எல்லா விளிம்பிலும் ஒரே அளவு அழுத்தம் தருகிறது. வேறு கருவி தேவைப்படவில்லை. முக்கால் மணி நேரத்தில் விளிம்புகள் மழுங்கிப் பளபளத்தன. அடுத்து வெளியே இழுத்த துணியில் பிளவு இல்லை.

கருகல் மட்டும் நீடித்தது. அது கணக்கில் இருந்த பிழை. என் குழலில் எதிரெதிர் மேடுகளுக்கு இடையே ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 500 பங்கு. புரிகளின் ஆழம் பக்கத்துக்கு 12 பங்கு. ஆகவே பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு 524. குண்டு 490 பங்கு விட்டம், எடை ஏறத்தாழ 177 கிரெயின். துணி 15 பங்கு தடிமன். குண்டின் இருபுறமும் துணியைச் சேர்த்தால் 520 வருகிறது. பள்ளத்தின் அடியில் நான்கு பங்கு வெற்றிடம். எரிந்த மருந்தின் வாயு அந்த வழியாகத்தான் துணியைச் சுட்டுக்கொண்டு முந்திச் சென்றிருக்கிறது. மெத்தை உறைக்கு நெய்யும் நெருக்கமான கோடிட்ட பருத்தித் துணியை, கடையில் கிடைத்த அளவில் நம்பாமல், அளவுகருவியால் அழுத்திப் பார்த்து 18 பங்கு உள்ளதாகத் தேர்ந்தெடுத்தேன். கூட்டுத்தொகை 526 ஆனது. குண்டை வாயில் நுழைக்கக் குறுங்கோலின் தலையில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டவேண்டியிருந்தது. ஆனால் துணிகள் முழுதாக வந்து விழுந்தன, பரவல் இரண்டரை அங்குலத்துக்கு இறங்கியது. மருந்தளவைத் தொடாமலேயே இவ்வளவும் கிடைத்தன.

மருந்தளவு

குண்டை உள்ளங்கையில் வைத்து அது மறையும்வரை மருந்து கொட்டினால் அதுவே சரியான அளவு என்று ஒரு வழக்கு அந்தக் காலத்து வேட்டைக்காரர்களைப் பற்றிச் சொல்லப்படுகிறது. நான் செய்து பார்த்தேன். கையைக் குவிப்பதையும் விரிப்பதையும் பொறுத்து அளவு பெரிதும் மாறுகிறது. தொடங்குவதற்கு ஒரு புள்ளி என்பதற்கு மேல் அதை நம்பமுடியாது.

மூன்று எஃப் எனப்படும் நுண்மணி ரக மருந்தில் 50 கிரெயினில் தொடங்கி ஐந்தைந்தாக 90 வரை ஏறினேன். மருந்தைக் குப்பியிலிருந்து நேராகக் குழலில் கொட்டுவதில்லை. உள்ளே கனன்றுகொண்டிருக்கும் துகள் ஒன்று கையிலுள்ள குப்பி முழுவதையும் வெடிக்கவைக்கும். எப்போதும் அளவுக்குழாயில் எடுத்தே கொட்டவேண்டும். கெட்டிக்கும் கோலில், குண்டு மருந்தின் மேல் முழுமையாக அமர்ந்ததைக் காட்டும் கோடு ஒன்றை ஒவ்வோர் அளவுக்கும் இட்டுக்கொண்டேன். குண்டு பாதி வழியில் நின்று, மருந்துக்கும் அதற்கும் இடையே வெற்றிடம் இருக்கச் சுட்டால் குழல் வீங்கிவிடும் அல்லது பிளந்துவிடும்.

50-இலும் 55-இலும் ஓட்டைகள் மேலும் கீழுமாக நீண்டன. 65-இல் இரண்டு அங்குலத்துக்குச் சுருங்கின. 70-உம் கிட்டத்தட்ட அதேதான். 80-ஐத் தாண்டியதும் விரியத் தொடங்கி, 90-இல் நான்கு அங்குலத்தை மீறின. தோளும் அதை ரசிக்கவில்லை. ஐந்து குண்டுகள் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை; தற்செயலாகவே ஒரு தொகுதி அழகாக அமைந்துவிடும். அதனால் 60, 65, 70 மூன்றையும் வேறு வேறு நாள்களில் மும்மூன்று முறை சுட்டேன். 65 மூன்று முறையும் முதலில் நின்றது. 70-க்கும் அதற்கும் உள்ள வேறுபாடு மிகச் சொற்பம். காலையில் மான் தப்பியதற்கு ஐந்து கிரெயின் காரணம் அல்ல என்பது இதற்குள் தெளிவாகிவிட்டது. கிழிந்த துணிதான் காரணமாக இருந்திருக்கவேண்டும்.

மசகு

ஜூலையில் மசகுக்கு வந்தேன். எச்சில், பாலிஸ்டால் எண்ணெய் ஒரு பங்குக்கு நீர் ஏழு பங்கு கலந்து நனைத்த ஈரத்துணி, அதே கலவையில் தோய்த்து உலர்த்திய துணி, ஆலிவ் எண்ணெய், மாட்டுக்கொழுப்போடு தேன்மெழுகு உருக்கிய கலவை. பாலிஸ்டால் 1904-இல் ஜெர்மனியில் உருவான, நீரோடு கலந்தால் பால்போலாகும் எண்ணெய். நீர் ஆவியானபின் துணியில் மெல்லிய எண்ணெய்ப்படலம் மட்டும் நிற்கும். வாகனத்துக்குப் போடும் கிரீஸையும் ஒரு நாள் முயன்றேன். பெட்ரோலியக் கொழுப்பும் கருமருந்துக் கசடும் சேர்ந்தால் தாராகிவிடும் என்று அனுபவசாலிகள் சொல்வதைக் கேட்டிருந்தும் முயன்றேன். மூன்றாவது குண்டுக்குப் பின் குழலிலிருந்து எடுத்த துணியில் இருந்தது எங்கள் ஊர் மாட்டுவண்டி அச்சில் வழியும் வண்டிமையைப் போலவே இருந்தது.

மற்ற ஐந்தில் எச்சிலும் ஈரக்கலவையும் தெளிவாக வென்றன. பரவல் ஒன்றே முக்கால் அங்குலம். காரணம் புரியாததல்ல. கசடில் உள்ள பொட்டாசியம் உப்புகள் நீரில் கரைபவை. ஈரத்துணி ஒவ்வொரு முறை இறங்கும்போதும் குழலைக் கழுவிக்கொண்டே இறங்குகிறது. குழல் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே நிலையில் இருக்கிறது. உலர்துணியும் ஆலிவ் எண்ணெயும் அடுத்து வந்தன. கொழுப்புக் கலவை இரண்டரை அங்குலத்தோடு கடைசி. இந்தச் சோதனை அங்கேயே முடிந்திருந்தால், 65 கிரெயின், 18 பங்குத் துணி, எச்சில் என்று எழுதிக் கையெழுத்திட்டிருப்பேன்; அடுத்த ஜனவரியிலும் அதே புஸ் கேட்டிருக்கும்.

துணியில் என்ன தடவியிருந்தீர்கள் என்ற கேள்வி நவம்பரில்தான் எனக்கு உறைத்தது. சுடுதளத்தில் கெட்டித்த குண்டு இரண்டு நிமிடத்தில் வெளியேறிவிடுகிறது. வேட்டையில் அது நாள் முழுவதும் உள்ளேயே கிடக்கிறது. நான் கோடை முழுவதும் அளந்தது முதலாவதை மட்டுமே. ஆகவே காலை எட்டு மணிக்குக் கெட்டித்து, தட்டைக் காலியாக விட்டு, கல் உரசும் எஃகுத் தகட்டுக்குத் தோலுறை மாட்டி, குழல் இலக்கை நோக்கியபடி தாங்கியில் வைத்து, அருகிலேயே உட்கார்ந்திருந்து, நண்பகலில் தட்டில் மருந்திட்டுச் சுடுவது என்று வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஒரு குண்டு. ஒவ்வொரு மசகுக்கும் மூன்று நாள். என் மனைவியின் பார்வையில் இது சோதனை அல்ல, நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் ஏற்பாடு.

எச்சில் துணி மூன்றில் இரண்டு முறை தட்டோடு நின்றது. மூன்றாவது முறை புஸ்ஸுக்கும் வெடிக்கும் நடுவே ஒரு மூச்சு இழுக்கும் அளவுக்கு இடைவெளி. ஈரக்கலவையும் அப்படியே. ஆலிவ் எண்ணெய் மூன்று முறையும் பற்றியது; ஆனால் ஓசை மந்தமாக இருந்தது, குண்டு தாழ்ந்து பட்டது. எண்ணெய் ஊறிய மருந்து முழுதாக எரியவில்லை. உலர்துணியும் கொழுப்புக் கலவையும் தயக்கமின்றி வெடித்தன.

ஆயினும் துணியின் ஈரம் பட்டது மருந்தின் மேற்பகுதியில்; பற்றுவாய் இருப்பதோ அதன் அடியில், ஓர் அங்குலத்துக்கும் கீழே. அடிவரை ஈரம் எப்படி வந்தது? ஜனவரியில் ஊசி நுனியில் பார்த்த கரிச்சேறு நினைவுக்கு வந்தது. கொழுப்புத் துணியையே வைத்துக்கொண்டு, கெட்டிப்பதற்கு முன் நனைத்த துணியால் குழலைத் துடைத்துப் பார்த்தேன். மூன்றில் இரண்டு முறை பற்றவில்லை. துடைக்கும் துணி கசடைக் குழம்பாக்கி அடிக்குத் தள்ளி, பற்றுவாயில் அடைத்துவிடுகிறது. அங்கே அது மருந்தையும் நனைக்கிறது. ஆகவே குற்றவாளிகள் இருவர். துடைத்தது வாசலை அடைத்தது. பேட்ச் மேலிருந்து நனைத்தது. தீர்வும் இரண்டு. துடைக்கும் துணியைப் பிழிந்து ஈரப்பதமாக மட்டும் பயன்படுத்தி, அதன்பின் உலர்ந்த துணி ஒன்றும் செலுத்தவேண்டும். கெட்டிக்கும்போது பற்றுவாயில் வான்கோழி இறகு ஒன்றைச் செருகி வைக்கவேண்டும். இறகு செருகுவது பழைய வழக்கம். அலங்காரம் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

டிசம்பரில் குளிர் இறங்கியபின் உலர்துணியும் பின்தங்கியது. கோடையின் ஈரக்காற்றில் கசடு தானாகவே நீரை உறிஞ்சி மென்மையாக இருக்கும். குளிர்காலத்து வறண்ட காற்றில் அது ஓடுபோல இறுகுகிறது. மூன்றாவது குண்டு கோட்டுக்கு அரை அங்குலம் மேலேயே நின்றது. அதை அடிவரை இறக்கக் கோலை முழு பலத்தோடு அழுத்தவேண்டியிருந்தது. எச்சில் துணியைச் சுழியத்துக்குக் கீழே முயன்றபோது குழலின் வாயில் பனிப்படலம் கட்டியது. கோடையில் கடைசியாக வந்த கொழுப்புக் கலவைதான் துடைக்காமலேயே ஐந்து குண்டுகளை இறக்கவிட்டது. அதிலும் மெழுகு குளிரில் விறைத்ததால் பங்கை மாற்றினேன்: மெழுகு ஒன்று, கொழுப்பு மூன்று, இளக்கத்துக்கு ஆலிவ் எண்ணெய் ஒன்று. கொழுப்பு கீழே கசியாதிருக்க, மருந்துக்கும் துணிக்கும் நடுவே பழைய குளவிக்கூட்டின் காகிதம்போன்ற சுவரைக் கசக்கி வைத்தேன். அது எளிதில் தீப்பிடித்துக் கனலாது என்பதால் இங்குள்ளவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது.

இந்தக் கலவையை அடுப்பில் உருக்கும்போது 1857 நினைவுக்கு வராமல் போகாது. என்ஃபீல்ட் தோட்டாவில் தடவியதும் கொழுப்பு மசகுதான். சிப்பாய்கள் தாங்கள் விரும்பும் கலவையைத் தாங்களே தடவிக்கொள்ளலாம் என்று பின்னர் சொல்லப்பட்டபோது காலம் கடந்திருந்தது. மசகு என்பது வெறும் வழுக்கல் விவகாரம் அல்ல என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

முதல் குண்டு

எஞ்சிய கேள்வி ஒன்று. ஐந்து குண்டுகளின் பரவல் எவ்வளவு என்பது வேட்டையில் எனக்குப் பயன்படாத எண். அங்கே முக்கியமானது துடைத்த, குளிர்ந்த குழலின் முதல் குண்டு. அதனால் ஒரே இலக்குத் தாளை ஒன்பது நாள்கள் சுடுதளத்துக்கு எடுத்துச் சென்று, ஒவ்வொரு நாளும் முதல் குண்டை மட்டும் அதில் சுட்டு, ஓட்டைக்குப் பக்கத்தில் தேதியையும் வெப்பநிலையையும் பென்சிலால் எழுதி, தாளைச் சுருட்டி எடுத்துவந்தேன்.

எட்டு ஓட்டைகள் இரண்டரை அங்குலத்துக்குள் இருக்கின்றன. அவற்றின் நடு, குறிவைத்த புள்ளிக்கு ஓர் அங்குலம் கீழே. ஒன்பதாவது மட்டும் வலப்புறம் மேலே, மற்றவற்றிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி நிற்கிறது. அதன் பக்கத்தில் எழுதியிருப்பது: துருத்தடுப்பு எண்ணெயை ஆல்கஹால் துணியால் எடுக்க மறந்தேன். ஓர் அங்குலத் தாழ்வைச் சரிசெய்ய முன்குறியின் உச்சியை மெல்ல அரமிட வேண்டும். அரமிட்டது திரும்ப வளராது. பத்தாவது ஓட்டையையும் பார்த்துவிட்டுத்தான் அரத்தை எடுக்கப்போகிறேன்.